கொட்டையின் சொந்தச் சுவை

மலேசியக் காப்பிக் கடைகளில் கிடைக்கும் கறுப்புக் காப்பிக்குப் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கொட்டையை வறுக்கிறார்கள். எதுவும் சேர்க்காமல் வீட்டிலேயே வறுத்தால், கொட்டையின் சொந்தச் சுவையை அறியலாம்.

பச்சைக் கொட்டையில் காப்பியின் மணம் இருக்காது. வறுக்கும்போதுதான் அம்மணம் உருவாகிறது. ஒரு கைப்பிடி கொட்டையை அடிகனமான சட்டியிலிட்டு, பெரியவர் ஒருவரின் துணையுடன் இடைவிடாமல் கிளற வேண்டும். புகை எழுவதால் சன்னல்களைத் திறந்துவைப்பது அவசியம். ஈரம் வற்றியதும் கொட்டை மஞ்சளாகிப் பின்னர்ப் பழுப்பாகும். வெப்பநிலை ஏறத்தாழ 200 பாகை செல்சியசை எட்டும்போது, உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையைப் ‘பட்பட்’ என வெடிக்கச் செய்யும்.

இந்த முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கினால் காப்பியில் புளிப்பு தெரியும். சற்றுக் கூடுதலாக வறுத்தால் புளிப்பு குறைந்து இனிப்பு மிகும். மெல்லிய ஒலியுடன் இரண்டாம் வெடிப்பு தொடங்கிய பிறகும் வறுத்தால் கசப்பு மேலோங்கும். இறக்கிய கொட்டையை உடனே முறத்தில் பரப்பி ஆற்ற வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் சூடே அதை மேலும் வறுத்துவிடும்.

மறுநாள், மூன்று நிலைகளில் இறக்கிய கொட்டைகளைத் தனித்தனியே அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, சீனியின்றிச் சுவைத்துப் பாருங்கள். ஒரே கொட்டையின் மூன்று சுவைகளுக்கும் இடையே இருப்பவை சில நிமிடங்களே.