ஜின்னுமில்லை, நடிப்புமில்லை

காலையில் தோழியை உயிரென்ற பிள்ளை, அவள் பேசாத ஒரு மாலையில் அவளை வெறுத்து, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள். எங்கள் அக்குறணைப் பக்கம் இதற்கு, 'ஜின் பிடிச்சிருக்கு', இல்லாட்டி 'சும்மா நடிப்பு' என்பார்கள். இப்படியே வருஷக்கணக்கில் நீடித்தால் மருத்துவர்கள் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பார்கள். கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் அதில் பெரிது.

அமெரிக்காவின் மார்ஷா லினஹன் 1961இல், 17 வயதில், மனநல மருத்துவமனையில் சேர்ந்து 26 மாதங்கள் கிடந்தவர். பிறகு உளவியலாளராகி, இந்நோய்க்கே ஒரு சிகிச்சையை வகுத்தார். கொந்தளிப்பைத் தாங்கவும், உறவு முறியாமல் பேசவும் பழக்குவது அது. தன் கதையை 2011இல்தான் வெளியே சொன்னார். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மாதக்கணக்கில் பழகத்தான் வேணும். பெரும்பாலோருக்குத் தணிகிறது.

ஓத வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஓதிவிட்டு, பேராதனை போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றால் 1926க்குக் கோல் எடுக்கலாம்.