முட்டி நோவுதுப்பா!

ராத்திரி பதினொன்றரை. ஓசூர் சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து, காலி டிபன் பாக்ஸும் கண் நிறையத் தூக்கமுமாக வீட்டுக்குள் நுழைகிறார் அப்பா. பத்தாவது படிக்கிற பையன் இன்னும் தூங்கவில்லை. கட்டிலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னடா?"

"நோவுதுப்பா..."

"கிரிக்கெட்ல எங்கயாவது இடிச்சிருப்பே. தைலம் தேய்ச்சுட்டுப் படு!"

இது குறிப்பிட்ட ஒரு வீட்டுக் கதை இல்லை. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. (ஓசூரில் வலிக்கு மட்டும் மொழிப் பிரச்னை கிடையாது. தமிழில் நோவு, கன்னடத்திலும் நோவு, தெலுங்கில் நொப்பி. மூன்று வீட்டிலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்... தைலம்!)

பெரும்பாலும் அப்பா சொன்னதுதான் சரியாக இருக்கும். நாலு நாளில் பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். ஆனால் எப்போதோ ஒரு வீட்டில் அந்த நாலு நாள் நாலு வாரமாகும். நாலு மாசமாகும். முட்டி லேசாக வீங்கும். தொடை சூம்பும். நடை சாயும். தைலம் போய் பச்சிலைக் கட்டு வரும். "வளர்ற பையன், அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டி தீர்ப்பு சொல்வார்.

அந்த ஒரு வீட்டுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சிப்காட்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு காஸ்டிங் வருகிறது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு ப்ளோ ஹோல்! வெளியே தட்டினால், தடவினால் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். இரும்புக்கு இந்த மரியாதை செய்கிற நாம், பிள்ளையின் முட்டிக்குச் செய்ய மாசக்கணக்கில் யோசிக்கிறோம்.

எக்ஸ்ரேயில், எலும்பின் நுனியில், மூட்டை ஒட்டின மாதிரி ஒரு வட்டக் குழி. சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. சில சமயம் உள்ளே சுண்ணாம்புப் பொட்டுகள். இப்படி இருந்தால் டாக்டர் மனசில் முதலில் வரிசை கட்டுகிற பெயர்களில் ஒன்று 'காண்ட்ரோபிளாஸ்டோமா'.

வாய்க்குள் நுழையாத பெயர்தான். விஷயம் இவ்வளவுதான்: குருத்தெலும்பாக வேண்டிய இளம் செல்கள், எலும்பு முனையில் கட்டியாகத் திரண்டுவிடுகின்றன. கேன்சர் இல்லை. ரொம்ப அபூர்வம். எலும்பில் தோன்றும் நூறு கட்டிகளில் ஒன்றுகூடத் தேறாது. பெரும்பாலும் பத்து வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் வரும். பெண்களைவிடப் பையன்களிடம் அதிகம். முட்டியைச் சுற்றி, தொடை எலும்பின் மேல் முனை, தோள்பட்டை... இவை அதற்குப் பிடித்த இடங்கள்.

பந்து பட்டதால் வருவதில்லை. 2013-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்: அநேகமாக எல்லா காண்ட்ரோபிளாஸ்டோமாவிலும் ஒரே ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. அந்தப் பிழையும் கட்டிக்குள்ளே ஏற்பட்டது; அப்பா அம்மாவிடமிருந்து வந்ததில்லை. ஆகவே, "உங்க வம்சத்துலதான்..." என்று மாமியார் ஆரம்பிக்க வழியில்லை.

இனி அடுத்த ஆபத்து. இதுவரை 'ஒண்ணுமில்லை' என்று சொன்ன அதே குடும்பம், 'கட்டி' என்ற வார்த்தையைக் கேட்டதும் நேர் எதிர்ப்பக்கம் பாயும். "காலை எடுத்துடுவாங்களா டாக்டர்?"

பயம் நியாயமானதுதான். இதே வயதில், இதே முட்டிப் பக்கம் வருகிற 'ஆஸ்டியோசார்கோமா' நிஜமாகவே பொல்லாத கேன்சர். இப்படிப்பட்ட கட்டிகளைப் பிரித்துச் சொல்ல ஒரு மனிதர் ரொம்பவே மெனக்கெட்டார்.

எர்னஸ்ட் காட்மன். அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து சர்ஜன். கொஞ்சம் முரட்டு ஆசாமி. "ஆபரேஷன் செய்தால் போதாது. ஒரு வருஷம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று கார்டில் எழுதுங்கள். தோற்றதையும் எழுதுங்கள்" என்பது அவர் கட்சி. எந்த டாக்டருக்குப் பிடிக்கும்? 1915-ல் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் பெரிய கார்ட்டூன் ஒன்றை விரித்தார். ஊர்ப் பணக்காரர்கள் மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி. அது டாக்டர்கள் பக்கம் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது! கூட்டத்தில் ரகளை. வகித்த தலைவர் பதவி போயிற்று. மனிதர் அசரவில்லை. தன் சொந்த ஆஸ்பத்திரியில் பார்த்த 337 பேரில் 123 தவறுகள் நடந்ததாகத் தானே புத்தகம் போட்டார்.

அவர்தான் 1920 வாக்கில், "எலும்புக் கட்டி எங்கே பார்த்தாலும் எனக்கு விவரம் அனுப்புங்கள்" என்று மற்ற டாக்டர்களைக் கேட்டு, ஒரு பதிவேடு தொடங்கினார். எது ஆளைக் கொல்கிறது, எது விட்டுவிடுகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தார். 1931-ல், இளம் வயதினரின் தோள் எலும்பு முனையில் வரும் ஒரு கட்டியைத் தனியாகப் பிரித்து விவரித்தார். 1942-ல் ஜாஃபே, லிக்டன்ஸ்டைன் என்ற இருவர் அதற்குத்தான் இன்றைய பெயரை வைத்தார்கள். அதைப் பார்க்க காட்மன் இல்லை. 1940-லேயே போய்விட்டார். அவர் சமாதிக்கு ஒரு கல் நட 2014 வரை ஆயிற்று!

சரி, நம் பையனிடம் வருவோம்.

எக்ஸ்ரேக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு பயாப்ஸி. கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பது. இங்கே மட்டும் அவசரம் கூடாது. யார் ஆபரேஷன் செய்யப்போகிறாரோ, அவர் சொல்கிற இடத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். ஒருவேளை அது பொல்லாத கட்டியாக இருந்தால், கண்ட இடத்தில் குத்தின ஓட்டையே பிறகு காலைக் காப்பாற்ற விடாமல் செய்துவிடும். டி.பி. கூட மூட்டில் இப்படி வேஷம் போடும் என்பதால், அதையும் பார்த்துவிடுவார்கள்.

மைக்ராஸ்கோப்பில் தெரிவது வேடிக்கையான காட்சி. செல்களைச் சுற்றிச் சுண்ணாம்பு மெல்லிய கோடாகப் படிந்து, அசல் கோழிக்கூண்டுக் கம்பிவலை! டாக்டர்கள் வைத்த பெயரே அதுதான். கோழி வளர்ப்பைப் படிக்க மத்திகிரியில் கல்லூரியே வைத்திருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

வைத்தியம்? காலை எடுப்பதில்லை. எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்து, கரண்டி போன்ற கருவியால் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். அப்புறம் வேகமாகச் சுழலும் 'பர்'ரால் குழியின் சுவரையும் ராவி எடுக்கிறார்கள். (டூல் ரூம் நண்பர்களே, உங்கள் பர்ருக்கு இது தம்பி!) மிச்சம் மீதி செல்லைக் கொல்ல சிலர் ஃபீனால் தடவுவார்கள். குழியைப் பையனின் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த துகளாலோ, எலும்பு சிமென்ட்டாலோ நிரப்புவார்கள். சின்னக் கட்டியென்றால், ஊசி செலுத்திச் சூட்டாலேயே பொசுக்குவதும் உண்டு.

கேட்க எளிது. செய்வது கம்பி மேல் நடை. ஒரு பக்கம் மூட்டின் வழவழப்பான பரப்பு. இன்னொரு பக்கம் எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தட்டு. அதிகம் சுரண்டினால் வளர வேண்டிய கால் குட்டையாகலாம். குறைவாகச் சுரண்டினால் கட்டி திரும்பி வரும். பார்த்துப் பார்த்துச் செய்தாலும் பத்துப் பேரில் ஒருவர், இருவருக்கு வருகிறது. மிக மிக அபூர்வமாக நுரையீரலுக்கும் போகும் என்பதால், மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே, எலும்புக் கட்டிகளையே பார்த்துப் பழகினவரிடம் போவது நல்லது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. கித்வாய் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்டைப் பிடித்தால் வேலூர் சி.எம்.சி. முதல் எக்ஸ்ரேக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். கிருஷ்ணகிரியிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. இ.எஸ்.ஐ. கார்டோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இருந்தால், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும் முன் ஒரு கேள்வி: "அங்கே இது செல்லுமா?" கன்னடம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைப்பதும் உத்தமம்.

ஆபரேஷனுக்குப் பின் பல வாரம் ஊன்றுகோல். அதன்பின் சில வருஷத்துக்கு, டாக்டர் சொல்கிற தேதிகளில் எக்ஸ்ரே. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். காட்மன் கேட்டதும் இதைத்தானே? பழைய படங்களைப் பரண் மேல் போடாமல், ரேஷன் கார்டு இருக்கும் பீரோவிலேயே வையுங்கள்.

பையனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. டாக்டர் ரூமிலிருந்து வெளியே வரும்போது ஒரே கேள்விதான்.

"எப்போ சார் பௌலிங் போடலாம்?"

"குழி நிரம்பட்டும். அதுவரைக்கும் ஸ்கோர் எழுது!"