புகைக் கணக்கைப் புரட்டும் குளிர்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ஃபேர்பேங்ஸ் நகரின் கார் நிறுத்துமிடங்களில் பிளக் பாயின்ட்கள் வரிசையாக நிற்கும். மின்சாரக் கார்களுக்காக வைத்தவை அல்ல, பெட்ரோல் கார்களுக்கானவை. குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும் ஊர் அது. வண்டியின் முன்பக்கம் தொங்கும் வயரைச் செருகிவிட்டால், உள்ளிருக்கும் ஹீட்டர் இன்ஜினை உறையவிடாமல் காக்கும்.

வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆவதோடு, ஊர்க் காற்றுக்கும் இதனால் நன்மை உண்டு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோல் பாய்கிறது. அது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. புகையைச் சுத்தப்படுத்த வேண்டிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ, சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் ஒரு சிறு பயணத்தின் நச்சில் பெரும்பகுதி, கிளம்பிய முதல் சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடுகிறது.

ஈரப்பதத்தின் வேலை வேறு. இன்ஜினுக்குள் காற்றோடு போகும் நீராவி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், எரியும்போது எட்டும் உச்ச வெப்பநிலை சற்றுக் குறைகிறது. அந்த உச்ச வெப்பத்தில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதனால் குறைகின்றன. வறண்ட நாளில் அதே வண்டி இவற்றைக் கூடுதலாகக் கக்கும். கோடை வெயிலில் பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவியாகிப் போவது தனிக் கணக்கு.

ஒரு நகரத்து வண்டிகள் மொத்தமாக எவ்வளவு புகை விடுகின்றன என்பதை யாரும் நேரடியாக அளப்பதில்லை, கணக்கிடுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘மூவ்ஸ்’ மென்பொருள், வண்டிகளின் வயது, வேகம் ஆகியவற்றோடு மணிவாரியான வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கேட்கிறது. அந்த ஊரில் புகைப் பரிசோதனை கட்டாயமா, எத்தனை சதவீத வண்டிகள் அதற்கு உட்படுகின்றன என்றும் கேட்கிறது.

சிக்கல் இந்தக் கடைசிக் கேள்வியில்தான். வானிலையைக் கருவி சொல்லிவிடும். பரிசோதனையால் எவ்வளவு புகை குறைந்தது என்பதோ பெரும்பாலும் அனுமானம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2001-ல் வெளியிட்ட அறிக்கை, பரிசோதனைத் திட்டங்களால் உண்மையில் கிடைத்த பலன் கணினி மாதிரிகள் சொன்னதைவிடக் குறைவு என்று கண்டது. சோதனை நாளன்று மட்டும் தேறும் வண்டிகளும், சோதனைக்கே வராத வண்டிகளும் உண்டல்லவா?

அனுமானத்தை நம்பாமல் சாலையிலேயே அளக்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெட்மேன் குழு, 1980-களின் இறுதியில் சாலைக்குக் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, ஓடும் வண்டிகளின் புகையை நொடிப்பொழுதில் அளந்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வண்டிகளே கார்பன் மோனாக்சைடில் பாதியை வெளியிட்டன.

இந்தியாவில் பெட்ரோல் வண்டிக்குத் தரப்படும் புகைச் சான்று, வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அளப்பது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை. அந்தச் சான்றை மட்டும் நம்பி நகரத்துப் புகையைக் கணக்கிட்டால் கணக்கு தவறும். ஓடும் வண்டிகளைச் சாலையிலேயே அளக்கும் ஏற்பாடு நம் நகரங்களுக்கும் உடனே வேண்டும்.