நூற்றைம்பது வருஷம் காத்திருந்த ஊர்: நாமக்கல் ரயில் நிலையத்தின் கதை



"நாமக்கல்லுக்கு ரயில் எப்போ வந்துச்சு?" என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்திருக்கும்டா" என்றுதான் பாதிப்பேர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தினமும் அந்த ரயிலில் ஏறித்தான் காலேஜுக்கு வருகிறேன், ஆனால் அதன் வயசு தெரியாது! உண்மையில் அந்த நிலையம் நம்மை விடச் சின்னது. 2013 மே மாதம்தான் அங்கே பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. அப்போது நான் ஒண்ணாம் வகுப்புக்குக் காத்திருந்த பையன்.

இனி பழைய கதைக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் சென்னை ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா வரை போனது. மதராஸ் ரயில்வே கம்பெனி அந்தப் பாதையை மேற்கே நீட்டிக்கொண்டே வந்தது. 1861ல் சேலத்தை எட்டியது. ஊருக்குள் வராமல், மேற்கே சூரமங்கலத்தில் நிலையம் அமைந்தது. 1862ல் கோழிக்கோடு அருகே பேப்பூர் வரை பாதை முழுமையானது.

கம்பெனியின் குறி என்ன? கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் சேர்ப்பது. சேலம், சங்ககிரி, ஈரோடு என்று கோடு போனது. தெற்கே இருந்த நாமக்கல் அந்தக் கோட்டில் விழவில்லை. அதே 1860களில் திருச்சிப் பக்கமிருந்து கரூருக்கும் ரயில் வந்துவிட்டது. ஆக வடக்கே சேலத்தில் ரயில், தெற்கே கரூரில் ரயில், நடுவில் நாமக்கல் வெறும் பார்வையாளர்!

1997ல் நாமக்கல் தனி மாவட்டமானது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஆனங்கூர், காவேரி ஆகிய பழைய நிலையங்கள் இருந்தன. தலைநகரில் மட்டும் ரயில் இல்லை. லாரியும் லாரி பாடி கட்டும் பட்டறையும்தான் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. ரயில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

புதுப் பாதையால் என்ன லாபம்? கணக்கைப் பாருங்கள். முன்பு சேலத்திலிருந்து கரூருக்கு ஈரோடு சுற்றித்தான் போக வேண்டும். சேலம்–ஈரோடு சுமார் 60 கிலோமீட்டர், ஈரோடு–கரூர் சுமார் 65, மொத்தம் 125. போதாததற்கு ஈரோட்டில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். சேலத்துப் பாதையும் கரூர்ப் பாதையும் நிலையத்தின் ஒரே பக்கமாக வந்து சேர்வதுதான் காரணம். புதுப் பாதை சுமார் 85 கிலோமீட்டர்தான். 40 கிலோமீட்டர் மிச்சம், இன்ஜின் மாற்றுகிற வேலையும் மிச்சம்.

சேலத்தை விட்டால் மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர். அப்புறம் காவிரிப் பாலம் தாண்டி வாங்கல், கரூர். சாலை மாதிரி ரயில் மேடு ஏறாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்றாலே கனமான சரக்கு வண்டிக்கு அது பெரிய ஏற்றம்தான். அதனால்தான் மேட்டை வெட்டியும் பள்ளத்தில் மண்கரை போட்டும் மட்டம் பிடிக்கிறார்கள். சர்வே வகுப்பில் லெவல் எடுத்துத் தூங்கி வழிகிற நாம் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தாலே பாடம் புரிந்துவிடும்.

ரயில் வந்த புதிதில் என் அம்மாயியை மோகனூரிலிருந்து சேலத்துக்குக் கூட்டிப் போனார்கள். "இத்தனை வருசமா இது எங்க போயிருந்துச்சு?" என்று கேட்டது. அதற்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

நண்பர்களே, பதில் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. 1860க்கு முன்னால் யாரோ பென்சிலால் போட்ட ஒரு கோடு, ஒரு ஊரை 152 வருஷம் காக்க வைத்தது. ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுத நம் டிப்ளமோ தகுதி. நாளை நம்மில் ஒருவர் கையிலும் அந்தப் பென்சில் வரலாம். அப்போது கோட்டுக்கு வெளியே நிற்கும் ஊரையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.