வாசலிற் கறந்த பால்

மத்தியதரைக் கடல் நடுவே மோல்டா என்றொரு சிறு தீவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த பிரித்தானியப் படையினரை வாட்டியது பகைவரன்று, ஒரு காய்ச்சல். ஏறுவதும் இறங்குவதுமாய் அது மாதக்கணக்கில் நீடிக்கும். மூட்டுக்கள் நொந்து போகும். இறந்தோர் சிலரே. நடைப்பிணமானோர் பலர்.

1887இல் டேவிட் புரூஸ் என்னும் படை வைத்தியர், மாண்ட வீரரின் மண்ணீரலில் இந்நோய்க் கிருமியைக் கண்டார். அவர் பெயராலேயே அது இன்று புரூசெல்லா எனப்படுகிறது. ஆயினும், அது உடலுட் புகும் வழி யாது? சாக்கடை நாற்றம் என்றனர் சிலர். காற்று என்றனர் வேறு சிலர். பதினெட்டு ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை.

1905இல் அந்நாட்டு வைத்தியர் தெமிஸ்டோக்கிளிஸ் சம்மிட், பரிசோதனைக்கென ஆடுகள் சிலவற்றைப் பெற்றார். ஆடுகளை இந்நோய் அணுகாது என்பதே அக்கால எண்ணம். இரத்தத்தைச் சோதித்தபோதோ, அவற்றுட் பல முன்னரே நோய்க்கு ஆளானவை எனத் தெரிந்தது. மேலும் ஆராய்ந்ததில், ஏறக்குறையப் பத்தில் ஓர் ஆடு பாலுடன் கிருமியையும் சுரந்துகொண்டிருந்தது. பார்வைக்கு அவை நலமான ஆடுகளே!

மோல்டாவில் இடையர் மந்தையைத் தெருத்தெருவாக ஓட்டி வந்து, இல்லத்தரசியின் கண்முன்னே வாசலிற் கறந்து கொடுப்பது வழக்கம். நீர் கலவாத புதுப்பால். அதனினும் தூயது வேறில்லை என்று அவள் நம்பியதில் வியப்பென்ன? நோயாளி விரைவில் தேறட்டும் என்று வைத்தியசாலையிலும் அதனையே ஊட்டினர்.

1906இல் படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டது. முந்திய ஆண்டில் நூற்றுக்கணக்கானோரைப் பீடித்த காய்ச்சல், 1907இல் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரையே தீண்டிற்று. மருந்தொன்றும் கொடுக்கப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

ஆனால் பட்டாளம் தப்பியதேயன்றி ஊர் தப்பவில்லை. குடிமக்கள் காய்ச்சாத பாலையே தொடர்ந்து அருந்தினர்; மந்தையிலும் நோய் நீங்கவில்லை. கருச்சிதைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் சிறுநீரிலும் கிருமி வெளிவந்து தொழுவத்து மண்ணில் தங்கும். அங்கே மேயும் ஆட்டையும், வெறுங்கையால் ஈற்றுப் பார்க்கும் இடையனையும் அது பற்றும். ஆகவே, பாலைக் காய்ச்சுவது வீட்டைக் காக்குமேயன்றி இடையனைக் காவாது. அவனைக் காப்பதற்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி இடவேண்டும், நோயுற்றவற்றை விலக்கவேண்டும், தொழுவத்தையும் துப்புரவாக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் பணமும் பொறுமையும் வேண்டும். ஆட்டையே நம்பி வாழும் ஏழை, அதனை இழப்பதற்கு ஈடு கேட்பதும் நியாயமே.

பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை மோல்டாவில் 1938இலேதான் தொடங்கிற்று. அதன் பின்னும், 1995இல், காய்ச்சாத பாலிற் செய்த பாலாடைக்கட்டியை உண்டவர்களிடையே அதே காய்ச்சல் மீண்டும் தலைகாட்டியது.