சத்திர சிகிச்சைக்குப் பின்னர் எடை குறையும் வேகம் ஏன் தணிகிறது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் கூடும் வைபவங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய உரையாடலைக் கேட்க முடிகின்றது. இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திர சிகிச்சையைச் செய்துகொண்ட ஒருவரைப் பற்றியதாக அது இருக்கும். "முதல் இரண்டு மாதத்தில் ஆளே அடையாளம் தெரியாமல் மெலிந்துவிட்டார். ஆறு மாதமாகிறது, இப்போது அப்படியே நிற்கிறதாம். இவ்வளவு பணத்தைச் செலவழித்து என்ன பயன்?" என்பதாக அது முடிவடையும். சிகிச்சை பெற்றவரின் காதிலும் இப்பேச்சு விழுகின்றது. அவரும் தினந்தோறும் தராசில் ஏறி நின்று, முள் அசையாததைக் கண்டு, சிகிச்சை தோற்றுவிட்டது என்று தமக்குள் முடிவு கட்டிவிடுகின்றார்.

அந்த முடிவு பிழையானது. அதைவிட, அந்த முடிவினால் விளையக்கூடிய தீங்கு பெரியது. மனம் சோர்ந்தவர் கிளினிக்கிற்குப் போவதை நிறுத்துகின்றார். விற்றமின் குளிசைகளைக் கைவிடுகின்றார். அல்லது எடையைக் குறைத்தே தீருவது என்று பட்டினி கிடக்கின்றார். இம்மூன்றுமே அவரது உடலுக்கு ஆபத்தானவை. ஆகவே எடை குறையும் வேகம் ஏன் தணிகிறது என்பதை நோயாளரும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது அவசியமாகின்றது.

உடற் பருமன் நமது நாட்டில் அலட்சியம் செய்யக்கூடிய ஒன்றல்ல. வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நீரிழிவு, இருதய நோய் ஆய்வின்படி, ஆசியருக்குரிய அளவுகோலில் வளர்ந்தோரில் 25.2 வீதமானோர் மிகை எடையுடனும் 9.2 வீதமானோர் உடற் பருமனுடனும் காணப்பட்டனர். சுமார் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே ஆசியருக்கு நீரிழிவும் இருதய நோயும் தோன்றுவதனால், உடற் திணிவுச் சுட்டி 27.5ஐ எட்டிய ஆசியருக்கும் இச்சத்திர சிகிச்சையை வழங்கலாம் என 2022ஆம் ஆண்டில் சர்வதேச நிபுணர் சங்கங்கள் பரிந்துரைத்தன. இன்று கொழும்பிலும் இச்சிகிச்சை செய்யப்படுகின்றது. வெளிநாட்டு உறவினரின் உதவியுடன் தமிழகம் சென்று செய்துகொள்வோருக்கும் இங்கு கூறப்படுபவை பொருந்தும்.

இச்சிகிச்சையில் இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினை அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய் போல ஆக்குவது. மற்றையது 'பைபாஸ்' எனப்படுவது. இதில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகின்றது. இரண்டிலும் உண்ணக்கூடிய அளவு குறைகின்றது. அத்துடன் பசியைத் தூண்டும் ஹோர்மோன்களும் வயிறு நிறைந்ததை மூளைக்கு அறிவிக்கும் ஹோர்மோன்களும் மாற்றமடைகின்றன.

முதல் மாதத்தில் எடை விரைந்து குறைவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நமது ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்பு இருக்கின்றது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். உணவு திடீரெனக் குறையும்போது உடல் முதலில் இச்சேமிப்பையே செலவிடுகின்றது; பிடித்து வைக்கப்பட்ட நீரும் வெளியேறுகின்றது. எனவே முதல் வாரங்களில் தராசு காட்டும் இழப்பு முழுவதும் கொழுப்பல்ல. அதில் கணிசமான பங்கு நீராகும். நீரிழப்பு ஓய்ந்து, உடல் மீண்டும் சிறிது நீரைச் சேர்த்துக் கொள்ளும்போது, கொழுப்புக் கரைந்து கொண்டிருந்தாலும் தராசு ஓரிரு வாரங்கள் அசையாதிருக்கும். சிகிச்சைக்குப் பின் மூன்றாவது வாரமளவில் பலர் காணும் முதலாவது தேக்கம் இதுவேயாகும்.

அதன் பின்னர் வரும் தணிவு வேறு வகையானது. இதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். 120 கிலோ எடையுள்ள ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். சிகிச்சைக்கு முன்னர் அவரது உடல் நாளொன்றுக்கு 2,500 கலோரி அளவில் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் அவரால் 600 கலோரிக்கு மேல் உண்ண முடிவதில்லை. நாளாந்தப் பற்றாக்குறை 1,900 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமமானது. அக்கணக்கில் மாதமொன்றுக்கு ஏழு கிலோவுக்கு மேல் கரையும். நீரிழப்பையும் சேர்த்தால் தராசு பத்துக் கிலோ வரை குறைத்துக் காட்டக்கூடும்.

ஆறாவது மாதத்தில் அதே மனிதர் 90 கிலோ அளவில் இருக்கின்றார். முன்னர் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை வரை நடக்கும்போது ஓர் அரிசி மூட்டைக்கும் மேலான பாரத்தை அவர் தம் உடலிலேயே சுமந்து நடந்தார். இப்போது அப்பாரம் இல்லை. எனவே அதே தூரத்தை நடப்பதற்கு அவரது உடலுக்குக் குறைந்த சக்தியே போதுமானது. அவரது செலவு 1,900 கலோரியாகச் சுருங்கியிருக்கும். அதேவேளை, இரைப்பை ஆறி, திண்ம உணவு உண்ணக்கூடியதாகி, வரவு 1,100 கலோரியாக உயர்ந்திருக்கும். பற்றாக்குறை இப்போது 800 மட்டுமே. மாதமொன்றுக்கு மூன்று கிலோவே குறையும். முதல் மாதம் பத்து, ஆறாவது மாதம் மூன்று. இக்கணக்கில் எந்தத் தவறும் நிகழவில்லை, சிகிச்சையும் தோற்கவில்லை. வரவும் செலவும் நெருங்கி வருகின்றன, அவ்வளவே. பெரும்பாலானோருக்கு 12 முதல் 18 மாதங்களுக்குள் இவ்விரண்டும் சந்திக்கின்றன. அத்துடன் எடை ஒரு நிலையில் நின்றுவிடுகின்றது.

இதற்கு மேலாக உடலுக்கென்று ஒரு தற்காப்பும் உண்டு. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி உணவளித்து ஆராய்ந்தார். அவர்களது எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், ஓய்வு நிலையில் அவர்களின் உடல் செலவிடும் சக்தி, எடைக் குறைவுக்குப் பொருத்தமான அளவையும் தாண்டி வீழ்ச்சியடைந்திருந்தது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பதற்காக மனித உடல் கற்றுக்கொண்ட சிக்கனம் அது. கொழுப்புக் குறையும்போது லெப்டின் என்ற ஹோர்மோன் குறைந்து, "சேமிப்புத் தீர்கிறது" என்று மூளையை எச்சரிக்கின்றது. சத்திர சிகிச்சை இத்தற்காப்பைப் பெருமளவு தளர்த்துகின்றதே தவிர, முற்றாக அகற்றிவிடுவதில்லை.

வேகம் தணிந்ததைக் கண்டு பட்டினி கிடப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்து புலனாகும். பட்டினி கிடந்தால் கொழுப்புடன் தசையும் கரையும். ஓய்வு வேளையிலும் சக்தியைச் செலவிடும் திசு தசையாகும். அது குறைந்தால் உடலின் செலவு மேலும் சுருங்கும். எடை குறைவது இன்னும் கடினமாகும். ஆகவே உணவைத் துறப்பதன்று, புரதத்தைப் பேணுவதே இங்கு முக்கியமானது. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் தேவை என்று பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20 கிராமும் கிடைக்கும். சைவ உணவு உண்போர் பருப்பு, கடலை, பயறு, சோயா, தயிர் ஆகியவற்றைத் திட்டமிட்டு உட்கொள்ள வேண்டும். சோற்றையோ இடியப்பத்தையோ முதலில் உண்டால், சிறிய இரைப்பையில் பின்னர் புரதத்துக்கு இடமிராது. நாளாந்த நடையுடன், வைத்தியர் அனுமதித்த பின்னர் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் கலோரி. சிறிய இரைப்பை கோழிக்கறியைத் தடுத்து நிறுத்தும், பலூடாவைத் தடுக்காது. சீனி கூடிய பால்தேநீர், குளிர்பானம், ஐஸ்கிறீம், வட்டிலப்பம் ஆகியன இலகுவாக வழுகி இறங்கிவிடும். மாலை நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் முறுக்கும் மிக்ஸரும் அவ்வாறானவையே. வேகம் எதிர்பார்த்ததைவிட மிக முன்னதாகவே நின்றுவிட்டால், முதலில் ஆராய வேண்டியது இவற்றையே.

நோன்பும் விரதமும் பற்றி இங்கு குறிப்பிட்டேயாக வேண்டும். சத்திர சிகிச்சைக்குப் பின் நாள் முழுவதும் சிறுகச் சிறுக நீர் அருந்த வேண்டியிருப்பதனால், முதல் பல மாதங்களில், பலரது விடயத்தில் முதலாம் ஆண்டு முழுவதுமே, ரமழான் நோன்பைத் தவிர்க்குமாறு வைத்தியர்கள் பொதுவாக ஆலோசனை கூறுகின்றனர். நோயாளருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. விடுபட்டதைப் பின்னர் நோற்க இடமுண்டு. கந்தசஷ்டி போன்ற தொடர் விரதங்களை அனுஷ்டிப்போருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சில விற்றமின் மாத்திரைகளின் மேலுறை விலங்குக் கொழுப்பாலன்றி, விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் ஜெலற்றினால் ஆனது. இதனால் தயங்கும் முஸ்லிம்களும் சைவ உணவினரும் யாரிடமும் சொல்லாமல் அவற்றை நிறுத்திவிடக் கூடாது. மருந்தாளரிடம் கேட்டால், அவ்வுறையற்ற குளிசையையோ பாணி மருந்தையோ பெற வழியுண்டு.

விற்றமின் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டும். இடைவிடாத வாந்தி ஏற்பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தயமின் என்ற விற்றமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துபோய், நரம்புகளையும் மூளையையும் மீளமுடியாதவாறு பாதிக்கக்கூடும். நீரிழிவுக்கு இன்சுலின் பெறுவோர், எடை குறையும்போது மருந்தின் அளவையும் வைத்தியரைக் கொண்டு சரிபார்க்காவிடில், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழும். மூன்றாம் மாதத்தின் பின் முடி கொட்டுவது பலருக்கு நிகழ்வதுண்டு. பெரும்பாலும் அது தற்காலிகமானது. திருமணமான இளம் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு அதிகரிப்பதனால், இதனை முன்கூட்டியே வைத்தியருடன் பேசிவிட வேண்டும்.

இறுதியாக, நீண்ட காலப் பலன் என்ன? சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வொன்று, சத்திர சிகிச்சை பெற்றோரும் பெறாதோருமாக 4,047 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சிகிச்சை பெற்றோரின் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகத் தாழ்ந்து, பின்னர் சற்று உயர்ந்து, அதன் பின் நிலைபெற்றது. பைபாஸ் செய்தோர் பத்தாண்டுகளின் பின்னரும் முந்தைய எடையில் சுமார் 25 வீதம் குறைந்தவர்களாகவே இருந்தனர். சிகிச்சை பெறாதோரின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கவில்லை. சிகிச்சை பெற்றோரிடையே மரணங்களும் குறைவாக இருந்தமை 2007இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது. அவர்களும் வேகம் தணிந்தவர்கள்தாம். ஓரளவு எடையை மீளப் பெற்றவர்கள்தாம். எனினும் பயன் அவர்களைவிட்டு நீங்கவில்லை.

ஆகவே ஆறாம் மாதத்தில் தராசின் முள் மெதுவாக அசைவதைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. தினமும் எடை பார்ப்பதைவிட வாரமொருமுறை பார்ப்பது போதும். இரத்தத்தில் சீனியின் அளவு, இரத்த அழுத்தம், இடுப்பின் சுற்றளவு, இளைக்காமல் ஏறக்கூடிய படிகளின் எண்ணிக்கை ஆகியவையும் அளவுகோல்களே. தராசு எதைக் காட்டினாலும் கிளினிக் திகதியைத் தவறவிடாதிருப்பதே நோயாளரின் கடமை. "இவ்வளவுதானா?" என்ற கேள்வியைத் தவிர்த்து, அந்தத் திகதியை நினைவூட்டி உடன் செல்வது குடும்பத்தினரின் கடமையாகும்.