படியும் கிலோவும்

அரிசியைப் படியால் அளப்பது நம் வீட்டு வழக்கம். நிறுத்து விற்பது கடை வழக்கம். மெட்ரிக் எடைகள் 1958-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நம் நாட்டில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பாட்டிமார் சமையல் ஆழாக்கை விட்டு அகலவில்லை. என்னிடமுள்ள என் பாட்டியின் சமையற் குறிப்பேட்டில் கிராம் என்ற சொல்லே கிடையாது. டில்லியில் விடுதியில் வாழும் நம்மிடமோ ஆழாக்கும் இல்லை, படியும் இல்லை. கிராமுக்கு மாற்றிக்கொள்ளாவிடில் அக்குறிப்புகள் வெறும் ஏடாகவே நின்றுவிடும். மாற்றும் வழியை இங்கே கூறுகிறேன்.

2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. இவ்வாய்பாடு பலரும் அறிந்ததே. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. ஆகவே நம் வீட்டுப் பாத்திரத்தையே அளந்துகொள்வது நலம். அதற்குத் தண்ணீரும் ஒரு தராசும் போதும். வெறும் பாத்திரத்தை நிறுங்கள். பின்னர் விளிம்புவரை நீர் நிரப்பி நிறுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ, கொள்ளளவு ஏறத்தாழ அத்தனை மில்லிலிட்டர்.

சரி, ஒரே பாத்திரத்தில் எல்லாப் பொருளும் ஒரே எடை நிற்குமா? நில்லாது. மணிகளுக்கிடையே காற்று நிற்கிறது. அக்காற்று பொருளுக்குப் பொருள் மாறும். 200 மில்லி கொள்ளும் டம்ளரைத் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழக் கிடைக்கும் எடை இது:

பச்சரிசி – 160 கிராம்
உளுத்தம்பருப்பு – 170 கிராம்
சர்க்கரை – 170 கிராம்
ரவை – 140 கிராம்
மைதா – 105 கிராம்
தூளுப்பு – 240 கிராம்
நல்லெண்ணெய் – 184 கிராம்

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இட்லிக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து என்றால், எடையில் 640 கிராமுக்கு 170 கிராம். விகிதம் அதிகம் மாறவில்லை. நிறுத்துப் போட்டாலும் மோசமில்லை. கேசரி அப்படியன்று. 1 டம்ளர் ரவைக்கு ஒன்றரை டம்ளர் சர்க்கரை என்பது 140 கிராமுக்கு 255 கிராம். அதே விகிதத்தை எடையென்று கொண்டு 210 கிராம் போட்டால், 45 கிராம் இனிப்புக் குறைந்துவிடும்.

மைதாவைச் சலித்து அள்ளினால் எடை குறையும். அழுத்தி நிரப்பினால் கூடும். கல்லுப்பில் இடைவெளி மிகுதி. ஒரு கரண்டி கல்லுப்புக்குப் பதிலாக ஒரு கரண்டி தூளுப்பு போட்டால் பண்டம் கரிக்கும். வெல்லத்தைத் தட்டும் விதத்திலேயே அளவு மாறுமாதலால் அதை நிறுத்துக்கொள்வதே முறை.

பொங்கல் விழாவுக்குச் சாமான் வாங்கும் நண்பர்களுக்கும் இக்கணக்கு உதவும். உங்கள் வீட்டுப் படி 1,350 மில்லி கொள்வதாயின், 1 படி பச்சரிசி சுமார் 1,080 கிராம். 5 படிக்கு ஐந்தரைக் கிலோ வாங்கினால் போதும், கையிருப்பும் வீணாகாது.

விடுமுறையில் ஊருக்குச் செல்பவர்கள் வீட்டு ஆழாக்கில் நீர் நிரப்பி நிறுத்துக் குறித்து வாருங்கள். அளக்கும்போது தலைதட்டுவதா, குவிப்பதா என்பதையும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.